இரண்டு அப்பாக்களுக்கு ஒரே கட்டளை

ஜெனவீவ் கல்யாணத்துக்கு எல்லாம் தயார். மோதிரம் வந்துவிட்டது, தாலி வந்துவிட்டது, பாதிரியார் அனுமதி கொடுத்துவிட்டார், தோட்டத்துப் பூசாரி நாள் குறித்துவிட்டார். கார்டு மட்டும்தான் பாக்கி. அந்தக் கார்டை அடிக்க வேண்டியவளும் ஜெனவீவ்தான். அவள் வேலை பார்த்தது என் கடையில்.

கூலிமில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர் வரிசையில் அந்தக் கடை. முன்பக்கம் காகிதம், பேனா, பள்ளிக்கூடச் சாமான். தட்டிக்குப் பின்னால் டைப்பிங் சர்வீஸ். எங்கள் குடும்பம் வியாபாரக் குடும்பம். அப்பா துணிக்கடை, சித்தப்பா மளிகை, பெரியப்பா ஆடு மாடு தரகு. எங்கள் வீட்டில் மீன் தலை யாருக்கு என்பதுகூடப் பேசித்தான் தீரும். அப்படி வளர்ந்தவன் ஒரு கம்ப்யூட்டரைச் சொன்ன விலைக்கு வாங்கினால் பெரியப்பா கனவில் வந்து உதைப்பார். எண்பத்தேழில் பினாங்குப் பக்கம் ஒரு தொழிற்சாலை பழைய இயந்திரங்களைக் கழித்தது. நான் போய், மழைக்கு ஒதுங்கியவன் முகத்தோடு அரை நாள் நின்றேன். கிளம்பும்போது கம்ப்யூட்டரோடு அகலமான பிரிண்டர் ஒன்றும், ஒரு பெட்டி நிறைய டிஸ்க்கும், தலையணை பருமனில் ஒரு புத்தகமும் என் வேனில் ஏறியிருந்தன.

அந்த டிஸ்க் ஒன்றில் பத்திரங்களை ஒழுங்காக அச்சடுக்கித் தரும் நிரல் இருந்தது. அதோடு சேர்ந்த கட்டளைத் தொகுப்பைப் பற்றித்தான் தலையணைப் புத்தகம் பேசியது. அத்தியாயத்துக்கு எண் போட ஒரு கட்டளை, அடிக்குறிப்புக்கு ஒரு கட்டளை, அடிக்குறிப்புக்குள் அடிக்குறிப்பு வந்தால் அதற்கும் ஒன்று. ஜெனவீவ் கடைக்கு ஆள் வராத நேரமெல்லாம் அதைப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக் கொடுத்தாள்.

"இது ஜெனரல் ஆஸ்பத்திரிண்ணே," என்றாள். "நமக்கு ஒரு டிஸ்பென்சரி போதும்."

டிரெசரின் மகள் அப்படித்தான் பேசுவாள். அவள் அப்பா வால்டர், கூலிமுக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் டிரெசராக மருந்து கொடுத்து, காயம் கட்டி ஓய்வு பெற்றவர்.

அவளே ஒரு தொகுப்பு எழுதினாள். மொத்தம் ஆறு கட்டளைகள். ஒரு காகிதத்தில் அடித்து, சாமி படம் போட்ட காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள். வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளி, அதை ஒட்டி ஒரு எழுத்து, அவ்வளவுதான் கட்டளை. புள்ளி டி என்றால் அடுத்து வருவது தலைப்பு. புள்ளி பி என்றால் புதுப் பத்தி. புள்ளி ஜி என்றால் கொஞ்சம் இடம் விடு. தமிழ் வரிகளை அந்த இயந்திரம் அறியாது. அதனால் சுங்கை பட்டாணி அச்சகத்தில் ஈய எழுத்தில் அடித்து வாங்கி, விட்ட இடத்தில் வெட்டி ஒட்டுவோம்.

இதில் உள்ள சூட்சுமம் எனக்கு உடனே பிடிபட்டது, ஏனென்றால் எங்கள் சித்தப்பா மளிகையில் அதைத்தான் செய்தார். வாடிக்கையாளர் வந்து "பூசை செட் ஒண்ணு" என்பார். உள்ளே கற்பூரம், ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாம் எவ்வளவு என்று கடைக்குத்தான் தெரியும். ஊதுபத்தி நின்றுபோய் வேறு மார்க் வந்தால் செட்டுக்குள் மாற்றிவிடுவார். கேட்பவர் அப்போதும் பூசை செட் என்றுதான் கேட்பார். ஜெனவீவும் அப்படியே. எழுத்தை அடிக்கும்போது அது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்வதில்லை, அது என்ன என்று மட்டும் சொல்லுவாள். எப்படித் தெரியும் என்பது தொகுப்பில் ஓரிடத்தில் இருக்கும். ஒரு தோட்டப் பள்ளித் தலைமையாசிரியர், ஆண்டு மலர் முழுதும் அடித்து முடித்த பிறகு, தலைப்புகளுக்கெல்லாம் அடிக்கோடு வேண்டும் என்று வந்து நின்றார். அவள் ஓரிடத்தில் கை வைத்தாள். அவர் காப்பி குடித்து முடிப்பதற்குள் மலர் முழுதும் அடிக்கோட்டோடு வந்தது. மனுஷர் தாளை வெளிச்சத்தில் பிடித்து, எங்கே அழித்திருக்கிறாள் என்று தேடினார்.

அவளுக்கு ஒரு கறார் இருந்தது. தனி ஒரு ஆளுக்காகக் கட்டளை எழுத மாட்டாள். கால்பந்துக் கிளப் செயலாளர் தன் பேர் மட்டும் சாய்ந்த எழுத்தில் வர ஒரு கட்டளை கேட்டபோது முகத்துக்கு நேராக மறுத்துவிட்டாள். இன்றைக்கு உங்களுக்கு எழுதினால் நாளைக்கு ஊருக்கே எழுத வேண்டும், அப்புறம் அந்தத் தலையணையைக் கதவிலிருந்து எடுத்து வந்து விரிக்க வேண்டும் என்றாள். எனக்கு ஒரு வாடிக்கையாளர் போனார். ஆனாலும் விலை இறங்காத கடைக்கு ஒரு மரியாதை உண்டு என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

மாப்பிள்ளை மணிவேலு. செர்டாங்கில் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். வேலை விண்ணப்பம் ஒன்று அடிக்க வந்தவன், அதைத் திருத்த வந்தான், திருத்தியதைத் திருத்த வந்தான். ஒரே கடிதத்துக்கு இத்தனை திருத்தம் நான் கண்டதில்லை. வேலை கிடைத்த பிறகும் திருத்த வந்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

ஜெனவீவ் குடும்பம் கத்தோலிக்கர்கள். மணிவேலுவின் அப்பா முருகையா, செர்டாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர், அங்கே முனீஸ்வரர் கோயிலுக்குத் தலைவர். ஒரு வருஷம் இரண்டு வீட்டிலும் கதவுகள் பலமாகச் சாத்தப்பட்டன. பிறகு மெல்லத் திறந்தன. காலையில் கூலிம் மாதா கோயிலில் கல்யாணம், சாயந்தரம் தோட்டத்து மண்டபத்தில் தாலி என்று முடிவானது. மதத்தைத் தாண்டிவிட்டார்கள். கார்டைத் தாண்ட முடியவில்லை.

கார்டு என்றால் லேசில்லை. கல்யாணச் சாப்பாடு கையைக் கழுவினால் போச்சு. கார்டு ஷோகேஸ் கண்ணாடியில் செருகப்பட்டு, பிள்ளை பிறந்து பள்ளிக்குப் போகும் வரை நிற்கும். யார் பேர் மேலே, யார் பேர் பெரிசு என்பதை எங்கள் சனம் எழவு வீட்டில் உட்கார்ந்துகூடப் பேசும்.

வால்டருக்கு உச்சியில் சிலுவை வேண்டும், முதலில் பெண் வீட்டார் பேர் வேண்டும். முருகையாவுக்கு உச்சியில் பிள்ளையார் சுழி, முதலில் மாப்பிள்ளை வீட்டார். இரண்டு கார்டு அடித்துவிடலாம் என்றேன். அதில் மட்டும் இருவரும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு கார்டு அடித்தால் இரண்டு கல்யாணம் என்று ஊர் சிரிக்குமாம்.

கார்டு சரியில்லை என்றால் கோயில் வாசலில் மகள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகத் தான் வரப்போவதில்லை என்று வால்டர் சொல்லிவிட்டார். சரியில்லாத கார்டை வெற்றிலைத் தட்டில் வைத்து யார் வீட்டுப் படியும் ஏற மாட்டேன் என்று முருகையா செர்டாங்கிலிருந்து சொல்லியனுப்பினார். தட்டு ஏறாத கல்யாணத்துக்கு ஒரு சொந்தமும் வராது. கோயிலில் முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க ஒரு ஞாயிறுதான் இடையில் இருந்தது. பாதிரியார் வாசித்துவிட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும். அதற்கு மேல் கல்யாணம் நின்றால் அது பெண்ணின் தலையில்தான் விடியும்.

ஜெனவீவ் அன்று ஒரு சங்கத்தின் கூட்டக் குறிப்பை அடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"டாடி மாமாவ ஜெயிக்கப் பாக்குறாரு. மாமா டாடிய ஜெயிக்கப் பாக்குறாரு. யாரு ஜெயிச்சாலும் தோக்கப் போறது நான்தாண்ணே."

எனக்கு அது உறுத்தியது. பேரத்தில் பிறந்து வளர்ந்துவிட்டு, கடைப் பெண்ணுக்கு ஒரு கார்டு பேச முடியாவிட்டால் எதற்கு?

முதலில் வரிசையை எடுத்தேன். ஒரே தாள், நடுவில் மடிப்பு. இடது பக்கம் மாதா கோயில், வலது பக்கம் தோட்டத்து மண்டபம். வால்டரிடம் போய், படிப்பவன் கண் இடது பக்கத்தில்தானே முதலில் விழும், அதை உங்களுக்கே வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்றேன். மறுநாள் செர்டாங் போய் முருகையாவிடம், மரியாதைப்பட்டவரை நாம் எந்தக் கைப் பக்கம் உட்கார வைப்போம் என்று கேட்டேன். வலக்கைப் பக்கம் என்றார். அதே பக்கம்தான் உங்களுக்கு என்றேன். ஒரே தாளை இரண்டு பேருக்கும் முழுசாக விற்றேன். சிலுவை ஒரு பக்கம், சுழி ஒரு பக்கம். அப்பா இருந்திருந்தால் அன்றைக்கு மீன் தலையை எனக்கே கொடுத்திருப்பார்.

ஆனால் சரக்கு கைமாறின பிறகும் பேரம் முடியாதவர்கள் உண்டு. எழுத்து அளவுக்கு வந்தார்கள்.

அப்பாக்கள் பேர் பெரிதாக வர வேண்டும் என்பதற்காக ஜெனவீவ் ஏழாவதாக ஒரு கட்டளை எழுதினாள். புள்ளி எஃப். அதற்கு அடுத்த வரியில் உள்ள பேர் நடுவில், பெரிய எழுத்தில் வரும். தனி ஆளுக்கு எழுத மாட்டேன் என்றவள் இதை எப்படி எழுதினாள் என்று கேட்டேன். இது இரண்டு ஆளுக்காச்சே என்றாள். இடது பக்கம் வால்டர் பேருக்கு மேலே ஒரு புள்ளி எஃப். வலது பக்கம் முருகையா பேருக்கு மேலே அதே புள்ளி எஃப்.

முதல் நகலை வால்டர் பார்த்தார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சின்ன அளவுகோலை எடுத்து இரண்டு பேரையும் அளந்தார். சமம். தனக்கு அரசாங்கத்தின் பி.ஜே.கே. சேவைப் பதக்கம் கிடைத்திருக்கிறது, அதற்குத் தக்கபடி தன் பேர் ஒரு படி பெரிதாக இருக்க வேண்டும் என்றார். ஜெனவீவ் ஒரு எண்ணை மாற்றினாள். பிரிண்டர் கரகரத்தது. வால்டர் அளந்தார். மறுபடி அளந்தார்.

"அவரு பேரும் பெருசாயிடுச்சே, கேர்ள்."

"ஆமா டாடி. அப்பாவுக்கு ஒரே கட்டளைதான்."

சாயந்தரம் முருகையா மோட்டார் சைக்கிளில் வந்தார். நகலைப் பார்த்தார். டிரெசர் பேர் பெரிதாகிவிட்டது என்று கேள்விப்பட்டு வந்ததாகவும், கோயில் தலைவர் பேர் அதைவிட ஒரு படி ஏற வேண்டும் என்றும் சொன்னார். ஜெனவீவ் "சரி மாமா" என்று எண்ணை ஏற்றினாள். இரண்டு பேரும் ஏறின. மண்டோருக்கு அளவுகோல் தேவையில்லை, மரத்தை அண்ணாந்து பார்த்தே குலை எடையைச் சொல்லிப் பழகிய கண். "என்னாம்மா, அந்த ஆளும் கூடவே ஏறி வர்றாரு?" என்றார். அதே பதில்தான் அவருக்கும்.

அந்த வாரம் இப்படியே ஓடியது. ஒருவர் தன் பேரை ஏற்றிவிட்டுப் போவார், மற்றவர் வந்து இன்னும் ஏற்றுவார். ஏணியில் ஒருவர் முதுகில் ஒருவர் கட்டிக்கொண்டு ஏறுவது போல இரண்டு பேரும் ஒரே உயரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் அப்பாக்கள் பேர் என் கடைப் பெயர்ப்பலகை போல ஆகி, மணமக்கள் பேர் வாடகை ஒப்பந்தத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்து போலச் சுருங்கிவிட்டது. மணிவேலு வேலை முடிந்து எண்ணெய்ச் சட்டையோடு வந்து நகலைப் பார்த்தான்.

"அண்ணே, இது யாரு ரெண்டு பேருக்குண்ணே கல்யாணம்?"

ஜெனவீவ் சிரிக்கவில்லை. ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் வால்டர் என்னைத் தனியாகக் காப்பிக்கடைக்குக் கூட்டிப்போனார். அவர் காசில் காப்பி என்றாலே உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். தன் பேருக்கு மட்டும் வேறொரு கட்டளை எழுதும்படி தன் மகளிடம் சொல்ல முடியாதா என்று கேட்டார். முடியாமல் என்ன, இன்னொரு எழுத்தை எடுத்து இன்னொரு கட்டளை எழுத அவளுக்கு ஒரு காப்பி ஆறும் நேரம் ஆகாது. ஆனால் விற்பனைக்கு இல்லாத சரக்கை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டுவது வியாபாரத்துக்கு ஆகாது. அது அவள் தொகுப்பு, அவளைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லி, காப்பியை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை ஜெனவீவும் அவள் அம்மா கேதரினும் புடவை எடுக்கப் பினாங்கு போயிருந்தார்கள். வால்டர் கடைக்கு வந்தார். மிஷினைத் திறந்துவிடச் சொன்னார். நோயாளி அறிக்கை அடித்து அடித்துப் பழகிய கை, டைப்பிங் தெரியும். பெண்ணின் அப்பா, கார்டும் அவர் வீட்டுக் கார்டு, நான் எப்படித் தடுப்பது? திறந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.

வால்டர் திரையை ஒரு வியாதியைப் பார்ப்பது போல நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலால் காட்டினார். எந்தெந்த இடத்தில் எழுத்து பெரிதாக வருகிறதோ அங்கெல்லாம் வரியின் முன்னால் புள்ளி இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். தலைப்புக்குப் புள்ளி. அப்பாவுக்குப் புள்ளி. ஆனால் அவர் பேர் இருந்த வரியில் புள்ளி இல்லை. மேல் வரியில்தான் இருந்தது.

"இதுதான் சங்கதி," என்றார் வால்டர். "முருகையாவுக்கும் எனக்கும் பொதுவா ஒரு புள்ளி இருக்கு. என் பேருக்குன்னு சொந்தமா ஒண்ணு இல்ல."

தன் பேருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தார். நாலு பேர் பார்க்க மெடல் குத்திக்கொள்கிறவர் போல நிதானமாக வைத்தார். பிரிண்டர் பொத்தானை அழுத்தினார்.

அந்த நிரலுக்கு ஒரு குணம் உண்டு. புள்ளியில் தொடங்கும் வரி எதுவானாலும் அது கட்டளை என்றே எடுத்துக்கொள்ளும். தெரிந்த கட்டளை என்றால் செய்யும். தெரியாதது என்றால் கேள்வி கேட்காது, சண்டை போடாது, அந்த வரியையே விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். வால்டர் என்று ஒரு கட்டளை அதற்குத் தெரியாது.

தாள் வெளியே வந்தது. வால்டரைக் காணோம். புள்ளி எஃப் பெரிதாக்கக் காத்திருந்ததல்லவா, வால்டர் இல்லாததால் அடுத்த வரியில் இருந்தவரைப் பிடித்துக்கொண்டது. இடது பக்கம் முழுதும் அடைத்துக்கொண்டு, பெயர்ப்பலகை அளவில், திருமதி கேதரின்.

வால்டர் அதை என்னிடமிருந்து மறைக்கப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. முருகையாவுக்குத் தினமும் ஒருமுறை கார்டைப் பார்க்காவிட்டால் சோறு இறங்காத நிலை. உள்ளே வந்தவர் வால்டர் கையிலிருந்த தாளை எட்டி வாங்கிப் பார்த்தார்.

நான் தள்ளி நின்றுகொண்டேன். ஒரு வாரமாக அந்த ஆள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானே? எதிரி பேர் சின்னதாக வேண்டும் என்றார். இப்போது பேரே இல்லை. இதைவிட மலிவாக எங்கே கிடைக்கும்? முருகையா வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்றே நினைத்தேன்.

முருகையா இடது பக்கத்தைப் படித்தார். வலது பக்கத்தைப் படித்தார். திரும்ப இடது பக்கம் வந்தார். முகம் கறுத்துவிட்டது.

"உங்க பேரு எங்க?"

"மிஷின்ல ஒரு சின்ன ப்ராப்ளம்," என்றார் வால்டர்.

"சம்மந்தி, இதத் தட்டுல வச்சு எடுத்துக்கிட்டு நான் புக்கிட் செலம்பாவ்ல எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்னு வைங்க. பொண்ணுக்கு அப்பன் இல்லையாடான்னு கேக்கும். இருக்காரு, நல்லா குத்துக்கல்லாட்டம் இருக்காரு, எழுத்துக்குச் சண்ட போட்டோம், அதுல காணாமப் போயிட்டாருன்னு சொல்லவா? பொண்ணு அப்பன் பேரு இல்லாத கார்டுல எம் பேரு மட்டும் பெருசா இருந்தா, யாருக்குய்யா அசிங்கம்?"

அதுவரை அவர் வாயில் வால்டர் வெறும் 'டிரெசர்'தான். சம்மந்தி என்று வந்தது அன்றுதான். வால்டருக்கும் அது கேட்டிருக்க வேண்டும், அளவுகோலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பேரைத் திரும்பக் கொண்டுவர வால்டர் முயற்சி செய்தார். புள்ளி ஒன்று போதவில்லை என்று நினைத்து இன்னொன்று வைத்தார். அப்போதும் வரவில்லை. முருகையா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதைத் தொடு, இதைத் தொடு என்று மண்டோர் வேலை பார்த்தார். கெடுத்ததுக்கு மேல் கெடுக்க வேண்டாம், பெண் வரட்டும் என்று நான்தான் இருவரையும் மிஷினிலிருந்து பிரித்து, காப்பி வரவழைத்தேன்.

காப்பி டம்ளரை முருகையா இடது கையால் எடுத்தார். வால்டர் அதைக் கவனித்தார். வலது கைக்கு என்ன என்று கேட்டார். செம்பனை முள், போன வாரம் குலையைத் தூக்கும்போது ஏறியது, அதுவாக வந்துவிடும் என்றார் முருகையா. கையைக் காட்டச் சொன்னார் வால்டர். பெருவிரலுக்குக் கீழே சிவந்து வீங்கியிருந்தது. முப்பது வருஷ டிரெசர் அதற்கப்புறம் கார்டை மறந்துவிட்டார். இந்த முள் அதுவாக வராது, விரல்தான் அதுவாகப் போகும் என்று திட்டினார். என் கடைக் குண்டூசியை எடுக்கச் சொல்லி, லைட்டரில் காட்டி, முருகையா கையைத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு குனிந்தார். தோட்டமே நடுங்கும் மண்டோர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு என் காலண்டரில் இருந்த சாமியைப் பார்த்தார்.

ஜெனவீவும் கேதரினும் புடவைப் பையோடு நுழைந்தபோது பார்த்த காட்சி இதுதான். அப்பா மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜெனவீவ் வாசலிலேயே நின்றுவிட்டாள், அடிதடி என்று நினைத்தாளோ என்னவோ.

முள் வந்தது. வால்டர் அதைக் குண்டூசி நுனியில் வைத்து எல்லாருக்கும் காட்டினார். அப்புறம்தான் தாள் ஜெனவீவ் கைக்குப் போனது. அவள் படித்தாள், திரையைப் பார்த்தாள், இரண்டு புள்ளியையும் பார்த்தாள். அப்பா என்ன செய்திருக்கிறார் என்று அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. புள்ளிகளை எடுத்தாள். எண் இருந்த இடத்துக்குப் போய், விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு திரும்பிக் கேட்டாள்.

"அப்பா பேரு எந்த சைஸ்?"

வால்டர் தன் முழங்காலைத் தடவினார்.

"நார்மல் போதும்மா. கிழவன் பேரு, யாரு படிக்கப் போறா?"

"அப்ப எனக்கும் அதுவே போடு ஆயி," என்றார் முருகையா.

"உங்களக் கேக்கவே வேணாம் மாமா. ஒரே கட்டளைதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரம் ஒருவரை ஒருவர் ஏற்றிவிட்டவர்கள், இப்போது ஒருவரோடு ஒருவர் இறங்கினார்கள். எங்கள் கடையில் இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் விலையைக் குறைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கேதரின் மேசைமேல் கிடந்த தவறான நகலை எடுத்து, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் பேர் எதிலும் அச்சில் வந்ததில்லை, அடையாள அட்டையைத் தவிர.

"இது எம் பேரா?" என்றார். "இந்த சைஸ் நல்லாத்தான் இருக்குலா."

வால்டர் காலி டம்ளரில் காப்பி குடித்தார். முருகையாவுக்கும் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்று நினைவு வந்திருக்க வேண்டும். செல்லாயி பேர் நகலில் எங்கே இருந்தது என்று வலது பக்கத்தில் தேடினார். பொடி எழுத்தில், அவர் பேருக்கு அடியில் ஒட்டிக்கொண்டு இருந்தது.

ஜெனவீவ் அம்மாவைப் பார்த்தாள். பிறகு தொகுப்புக்குள் போய், புள்ளி எஃப்பில் ஒரே ஒரு எண்ணை மாற்றினாள். அடுத்து வரும் ஒரு வரியைப் பிடி என்று இருந்ததை இரண்டு வரியைப் பிடி என்று ஆக்கினாள். பிரிண்டர் கரகரத்தது. இடது பக்கம் வால்டரும் கேதரினும், வலது பக்கம் முருகையாவும் செல்லாயியும், நாலு பேரும் ஒரே அளவில் அடக்கமாக வந்தார்கள். இறங்கிய பேர்கள் விட்டுக்கொடுத்த இடத்தில் ஜெனவீவ், மணிவேலு என்ற இரண்டு பேர் முதல்முறையாகக் கண்ணில் பட்டன. வால்டர் அளக்கவில்லை.

"கொடுத்துருண்ணே பிரஸ்ஸுக்கு," என்றாள் ஜெனவீவ் என்னிடம். "இன்னொரு தடவ யாரும் பாக்கறதுக்கு முன்னாடி."

அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். சீனர் அச்சகத்தில் ரோஸ் அட்டையில் அடித்தார்கள். ஞாயிறு ஓலை வாசிக்கும்போது வால்டர் முதல் வரிசையில் கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். முருகையா வலது கையில் வெள்ளைக் கட்டோடு தட்டைத் தூக்கிக்கொண்டு புக்கிட் செலம்பாவ் வரை வீடு வீடாக ஏறினார். கட்டைப் பார்த்து விசாரித்தவர்களிடமெல்லாம் "எங்க சம்மந்தி வைத்தியம்" என்று சொல்லியிருக்கிறார். கல்யாணத்தன்று காலையில் வால்டர் மகளின் கையைப் பிடித்து மாதா கோயிலுக்குள் நடந்தார். சாயந்தரம் தோட்டத்து மண்டபத்தில், தாலி கட்டும் நேரத்தில், சம்மந்திகள் இருவரும் பந்தியில் எந்த வரிசைக்கு முதலில் சாம்பார் என்று பேசிக்கொண்டிருந்ததால் பார்க்கத் தவறிவிட்டார்கள்.

ஜெனவீவ் செர்டாங்கிலிருந்து பஸ்ஸில் வந்து வேலையைத் தொடர்ந்தாள். காலண்டருக்குப் பக்கத்துக் காகிதத்தில் ஏழு கட்டளைகள் ஆயின, எட்டு ஆகவில்லை. அந்தக் கார்டு ஊரெல்லாம் சுற்றியதில், அதே மாதிரி வேண்டும் என்று பலர் வந்தார்கள். மாப்பிள்ளைகளின் அப்பாக்கள் சிலர் என்னைத் தனியாக அழைத்து, தங்கள் பேர் மட்டும் கொஞ்சம் தூக்கலாக வருமா என்பார்கள். காப்பி வாங்கிக் கொடுப்பார்கள். குடித்துவிட்டு, அந்தச் சரக்கு எங்களிடம் வருவதில்லை என்பேன்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வால்டர் வீட்டுக்குப் போனேன். முருகையாவும் செல்லாயியும் முன்னமே வந்து கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஷோகேஸில் பி.ஜே.கே. பதக்கத்துக்குப் பக்கத்தில் கல்யாணக் கார்டு இல்லை. அந்தத் தவறான நகல் இருந்தது, கண்ணாடிச் சட்டம் போட்டு. திருமதி கேதரின், வாசலில் நின்றாலே படிக்கலாம்.

நான் அதைப் பார்ப்பதை வால்டர் பார்த்துவிட்டார்.

"அது மிஷின் செஞ்ச தப்பு," என்றார்.

"மிஷின் ஒரு தப்பும் செய்யலன்னு உங்க மக சொல்லுது," என்றார் கேதரின். எனக்குக் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் பெருசா வெட்டவா தம்பி?"

முருகையாவுக்கு எவ்வளவு வெட்டினீர்களோ அதே அளவு போதும் என்றேன்.